தராசைப் பிரித்த பிள்ளை



சென்ற பள்ளி விடுமுறையில் நம் கடையில் நடந்த ஒரு சிறு காரியத்திலிருந்து இதைத் தொடங்க வேண்டியிருக்கின்றது. லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குச் சென்று திரும்புவதற்குள், பதினான்கு வயதான நம் பிள்ளை கடையிலிருந்த மின்சாரத் தராசைக் கவிழ்த்து, திருகாணிகளைக் கழற்றி, உள்ளே இருந்ததையெல்லாம் ஒரு பழைய காகிதத்தின்மேல் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தான். என்னடா இது என்று கேட்டதற்கு, "இதற்கு எடை எப்படித் தெரிகிறது என்று பார்த்தேன் வாப்பா" என்றான். பிரித்தவனுக்குத் திரும்பப் பூட்டத் தெரியவில்லை. இரண்டு நாள் பக்கத்துக் கடைத் தராசை இரவல் வாங்கி வியாபாரம் செய்தோம். பழுது பார்த்த கூலியும், மறுபடி முத்திரை வாங்கிய செலவும் வேறு. அவனை நாம் பேசிய பேச்சை இங்கே எழுதுவதற்கில்லை.

இரவில் படுத்து யோசித்தபோதுதான், அவன் கேட்ட கேள்விக்கு நமக்கே விடை தெரியாது என்பது உறைத்தது. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்கின்றவர்களுக்குத் திருமறையில் ஒரு தனி அத்தியாயமே எச்சரிக்கையாக இருக்கின்றது என்பதை மதரஸாவில் சிறு வயதிலேயே ஓதியவர்கள் நாம். கல்லாவில் உட்கார்ந்தால் தராசு சுத்தமாக இருக்கவேண்டும் என்று வைராக்கியம் கொண்டவர்கள்தாம். ஆனால் அந்தத் தராசு எப்படி வேலை செய்கின்றது என்று ஒரு நாளாவது கேட்டோமா?

பழுது பார்க்க வந்தவர் விளக்கினார். தட்டுக்குக் கீழே ஓர் அலுமினியத் துண்டு இருக்கின்றது. பாரம் ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைகின்றது. அதன்மேல் ஒட்டப்பட்டுள்ள மெல்லிய உலோக இழை அந்த வளைவோடு சேர்ந்து நீளுகின்றது. இழை நீண்டால் அதன் வழியே மின்சாரம் ஓடுவது சற்றுக் கடினமாகின்றது. அந்தச் சிறு வித்தியாசத்தைத்தான் எந்திரம் கணக்கிட்டு எண்ணாகக் காட்டுகின்றது. இவ்வளவுதான் விஷயம். பக்கத்தில் நின்று கேட்ட பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! நம்மிடம் வாங்கிய ஏச்சு அத்தனையும் அவனுக்கு மறந்துவிட்டது.

இது நடந்த சில நாட்களில் நம் சங்கத்தில் ஒரு பேச்சு எழுந்தது. பள்ளி விடுமுறையில் பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளைச் செய்முறை விஞ்ஞான முகாம்களுக்கு அனுப்பச் சங்கத்து நிதியிலிருந்து உதவலாமா என்பதுதான் அது. (பிற நாடுகளில் இதைக் கோடை முகாம் என்கின்றார்கள். நமக்குக் கோடை ஏது! வருஷம் முழுவதும் அதே வெயில், அதே மழை.) கட்டணம், வண்டிச் சத்தம், சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் ஒரு பிள்ளைக்குச் சில நூறு வெள்ளி ஆகும். இது தருமமா, விரயமா என்று இரு கட்சியாக வாதம் நடந்தது.

இத்தகைய முகாம்களில் பிள்ளைகள் என்ன செய்கின்றார்கள் என்பதை விசாரித்தோம். ஐஸ்கிரீம் குச்சிகளைப் பசையால் ஒட்டிப் பாலம் கட்டுகின்றார்கள். பிறகு அது முறியும் வரை பாரம் ஏற்றுகின்றார்கள். தண்ணீரும் காற்றும் அடைத்த போத்தலை ராக்கெட்டாக விடுகின்றார்கள். இருட்டுப் பெட்டியில் ஊசித் துளை போட்டு, வெளியே நிற்கும் மரம் உள்ளே தலைகீழாக விழுவதைப் பார்க்கின்றார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் நகரில் 1982 முதல் விண்வெளி முகாம் நடக்கின்றது. இந்திய விண்வெளி நிலையத்தார் 2019-இல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக யுவிகா என்ற கோடைப் பயிற்சியைத் தொடங்கி, அதில் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சலுகையும் வைத்தார்கள். நம் நாட்டில் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தில் பெட்ரோசைன்ஸ் 1999-இல் திறக்கப்பட்டது. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே அறிவியல் விழாக்களை நடத்திவரும் அஸ்தி என்ற சங்கத்தை முன்னின்று வளர்த்தவர் டாக்டர் முகமது யூனுஸ் யாசின் என்பதை நம்மவர்களில் எத்தனை பேர் அறிவோம்?

விரயம் என்போரின் வாதம் இலேசானதல்ல. "கட்டுவார்களாம், உடைப்பார்களாம். வீட்டுக்கு என்ன கொண்டு வருவார்கள்? ஒரு சான்றிதழா, ஒரு வேலையா?" என்று கேட்டார் ஒரு பெரியவர். வியாபாரிக்கு இது நியாயமான கேள்விதான். போட்ட முதலுக்கு ஆதாயம் கேட்பது குற்றமல்ல. ஆனால் நம் மலாக்காவின் சரித்திரமே இதற்கு ஒரு பதில் வைத்திருக்கின்றது. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு அதிகாரியாக வந்த ரிட்லி என்பவர், பால் மரத்தைக் கொல்லாமல் திரும்பத் திரும்பச் சீவிப் பால் எடுப்பது எப்படி என்று மரம் மரமாக வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பித் தோட்டத் துரைமார்கள் அவரைப் பைத்தியம் என்று சிரித்தார்கள். அவர் பேச்சை நம்பிக் கைமுதல் போட்டவர் யார்? மலாக்காச் சீன வியாபாரக் குடும்பத்து டான் சே யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் ரப்பர் தோட்டம் அப்படித்தான் நம் மாநிலத்தில் வந்தது. ரிட்லி வீணாக்கிய மரங்களை அன்று எந்தக் கணக்குப்பிள்ளையாவது விரயம் என்று எழுதியிருந்தால், அவன் கணக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும்!

இராமேசுவரத்தில் படகு வைத்திருந்த ஒரு மரைக்காயர் வீட்டுப் பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள். தகப்பனார் கடற்கரையில் மரப்படகு கட்டுவதைச் சிறு வயதில் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தவர் அப்துல் கலாம். அவர் பொறுப்பேற்றுச் செய்த ராக்கெட் 1979 ஆகஸ்டில் வங்கக் கடலில் விழுந்தது. அடுத்த வருஷம் ஜூலையில் மேலே சென்றது. உடைந்தது எதனால் என்று பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் இரண்டாவது முறை வாய்க்கின்றது. நம் கடைகளில் பிள்ளை ஒரு போத்தலை உடைத்தால், எதனால் என்று பார்க்குமுன் கை ஓங்கிவிடுகின்றது. நம்மைத்தான் முதலில் சொல்லுகின்றோம்.

மளிகைக் கடை வைத்திருக்கும் காக்கா ஒருவர் வேறு விதமாகப் பேசினார். "கடையே செய்முறைப் பள்ளிக்கூடந்தான் தம்பி. சாக்குத் தூக்குவதிலிருந்து கணக்கு எழுதுவது வரை கையால்தானே நாம் படித்தோம்? விடுமுறையில் பிள்ளை கல்லாவில் நிற்பதைவிட மேலான முகாம் எது?" என்றார். இதில் பாதி உண்மை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நம் கையெல்லாம் காய்த்தது அப்படித்தான். ஆனால் கடையில் கற்பது, முதலாளி ஏற்கெனவே அறிந்ததை மட்டுமே. அவருக்குத் தெரியாததை அங்கே எவரும் கேட்பதில்லை. கேட்டால் தராசு கெட்டுவிடும்.

கைவேலை நமக்குத் தாழ்வா என்றால் அதுவும் இல்லை. தாவூது நபி (அலை) அவர்களுக்கு ஆண்டவன் இரும்பை இளக்கிக் கொடுத்தான். அவர்கள் கவசம் செய்து, தம் கை உழைப்பில் உண்டார்கள். ஒளியைப் பற்றி ஆராய இருட்டறையில் சோதனை செய்த பஸராவின் இப்னு ஹைதம், இன்றைய பிள்ளைகளின் ஊசித்துளைப் பெட்டிக்கு மூத்தவர். பத்தாம் நூற்றாண்டில் ஹலப் நகரத்து மன்னர் சைபுத் தவ்லாவிடம் வானியல் கருவிகள் செய்தவர் ஒரு பெண்மணி. ஏடுகள் அவரை இஜ்லியின் மகள் என்றுதான் குறிக்கின்றன. ஆகவே பெண் பிள்ளைகளை அனுப்புவதா என்ற கேள்வியை நாம் நீட்ட விரும்பவில்லை. ஏன், நம் கம்போங் கிளிங் பள்ளிவாசலையே பாருங்கள். 1748-இல் நம் முன்னோரான வியாபாரிகள் எழுப்பிய அப்பள்ளி நிற்பது பொற்கொல்லர் தெருவில். அதைத் தொடர்ந்து வருவது கொல்லர் தெரு. வியாபாரியும் கைவினைஞனும் தோளோடு தோள் நின்றுதானே அங்கே தொழுதிருப்பார்கள்.

வாதத்தில் கடைசியாக வந்ததுதான் நெஞ்சை அறுத்தது. முகாமுக்குப் போகின்ற பிள்ளைகளில் நம் ஜமாஅத்தார் பிள்ளைகள் சிலரே. மற்றவர்கள் தோட்டத்திலிருந்து வந்து ஜாசின், அலோர் காஜா பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். "நம் பணம் நம் பிள்ளைகளுக்கு" என்றார்கள் சிலர். (ஜகாத் பணத்தைப் பற்றி நாம் பேசவில்லை, அதற்கு ஆலிம்கள் இருக்கின்றார்கள். பொது நன்கொடையைப் பற்றியதே இப்பேச்சு.) நம் கடைகளின் முதல் எங்கிருந்து வந்தது, சகோதரர்களே? லயத்துக்கு அரிசியும் மிளகாயும் துணியும் கடனுக்குக் கொடுத்து, சம்பள நாளில் வசூலித்த பணம் அது. பெரும்பாலோர் நேர்மையாகவே நடந்தார்கள். ஆனால் கொடுத்த கணக்கை வாங்குபவன் படித்துப் பார்க்க முடியாத நிலை இருந்தது. நாம் சொன்ன எடைதான் எடை, எழுதிய எண்தான் எண். கித்தா மரத்தில் ஒரு மயிரிழை ஆழம் தவறாமல் வெட்டத் தெரிந்த அந்தக் கைகளுக்கு, பால் ஏன் வடிகின்றது, ஏன் உறைகின்றது என்று எவரும் சொல்லித் தரவில்லை. பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டுபட்டன, வீடமைப்பும் வந்தது. வெட்டுக்கத்தி மட்டுமே அறிந்த கை அப்போது என்ன செய்யும்?

அன்று நம் தராசுக்கு எதிரே அவர்கள் நின்றார்கள். இன்று நாமும் அவர்களும் ஒரே மாதிரியாக எந்திரங்களுக்கு எதிரே நிற்கின்றோம். அது காட்டும் எண்ணை ஆமாம் என்று ஏற்றுக்கொள்வதைத் தவிர இருவருக்கும் வேறு வழியில்லை. உள்ளே இருப்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளை அந்த லயத்து வழியிலிருந்து வந்தால் என்ன, நம் கல்லாவுக்குப் பின்னாலிருந்து வந்தால் என்ன?

சங்கத்தில் இன்னும் முடிவாகவில்லை. அடுத்த கூட்டத்தில் வாக்குக்கு விடுவதாகச் சொல்லியிருக்கின்றார்கள். ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவை நாம் ஏற்பதாக எழுதிக் கொடுத்துவிட்டோம். அது நம் பிள்ளைக்கல்ல. நம் பிள்ளைக்கான கட்டணத்தைத் தராசுச் செலவுக்குக் கீழே அதே பக்கத்தில் எழுதியிருக்கின்றோம். முகாம் நடக்கும் ஒரு வாரமும் சாமான் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று தம்பி மகனிடம் சொல்லி வைத்தாயிற்று. அவனும் திருப்புளி இருக்கின்றதா என்றுதான் முதலில் கேட்டான்.