பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இந்த ஊசி எதற்கு?



சென்ற மாதம் ஒரு தாய் பள்ளிக்கூடச் சீட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அவள் மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப் பெற்றோர் சம்மதம் கேட்டிருந்தது. "சுவாமி, இது ஆண் பெண் சேர்க்கையால் தொற்றும் கிருமிக்குத் தடுப்பாமே! என் மகளை இவர்கள் என்னவென்று நினைத்தார்கள்?" என்றாள். நானோ நேரான மறுமொழி சொல்லாமல், "அடுத்த ஞாயிறு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டேன். குருமடத்தில் கற்ற ஒழுக்க சாஸ்திரம் அந்த நிமிஷத்தில் எனக்கு உதவவில்லை.

விஷயம் இதுதான். கர்ப்பப்பை வாயில் உண்டாகும் புற்றுநோய் ஏறக்குறைய முழுவதும் இந்த வைரஸால் வருவது. ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்டு சுர் ஹவுசன் 1983-ல் இதன் 16-ம் வகையை அப்புற்றில் கண்டுபிடித்து, 2008-ல் நோபல் பரிசு பெற்றார். கிருமி புகுந்து புற்றாக மாறப் பெரும்பாலும் பதினைந்து இருபது ஆண்டு செல்லும். ஊசி வருமுன் காக்குமேயன்றி வந்ததை விரட்டாது. ஆகையால்தான் ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் போடச் சொல்கிறார்கள். சிறுமி இன்று ஏதோ தவறு செய்கிறாள் என்பதற்காக அன்று. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களுள் ஒருவருக்குக்கூட இப்புற்று காணவில்லை என்று 2024-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. (கருவின் உயிரணுக்கள் சேர்ந்த மருந்தோ என்று ஓர் அன்பர் கேட்டார். நம் நாட்டில் செய்யும் செர்வாவாக் ஈஸ்டில் உண்டாக்கியது. உயிருள்ள கிருமியும் அதில் இல்லை.)

"ஊசி போட்டால் பயம் போகும், பயம் போனால் கற்பும் போகும்" என்பார் சிலர். அப்படியானால் இதுவரை நம் பிள்ளைகளின் கற்பைக் காத்தது நோய்ப் பயந்தானா? போலீஸ்காரனைக் கண்டு திருடாதிருப்பவனை யோக்கியன் என்போமா? அன்றியும், முப்பது வருஷம் கழித்து வரும் புற்றை நினைத்து நடக்கும் பிள்ளையை நான் எங்கும் கண்டதில்லை.

சில வருஷங்களுக்கு முன் நாற்பத்து நான்கு வயதில் ஒரு சகோதரியை அடக்கம் செய்தேன். கணவனையன்றி வேறொருவரை அறியாதவள். அவள் வீட்டார் நோயின் பெயரைச் சொல்லவும் வெட்கப்பட்டார்கள். கிருமி எங்கிருந்து வந்ததென்று நான் கேட்கவில்லை. ஆனால் அது கணவன் வழியாகவும் வரும். அவனுக்கே தெரியாமல் பல ஆண்டு தங்கியிருக்கக் கூடும். மகளை ஒழுக்கமாய் வளர்ப்பது நம் கையில் உள்ளது. மருமகனாய் வரப்போகிறவனின் பழைய நாட்களுக்கு யார் ஜாமீன் நிற்பது? மகனைப் பற்றி இக்கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆஸ்திரேலியாவில் 2013 முதல் பையன்களுக்கும் பள்ளியிலேயே போடுகிறார்கள்.

மறு ஞாயிறு அவள் வந்தாள். "கையெழுத்து உன்னுடையது அம்மா, என்னுடையதன்று. ஆனால் அவமானம் என்ற காரணத்தால் மறுக்காதே" என்றேன்.

"மகள் கேட்டால் என்ன சொல்ல?"

"பின்னாளில் பெண்களுக்கு வரும் ஒரு புற்றுநோய்க்குத் தடுப்பு என்று சொல். அது பொய்யன்று. மேலும் கேட்டால் வயதுக்குத் தக்கபடி நீயே சொல், தெருவில் கற்கவேண்டாம்."

இன்னொன்றும் அவளிடம் சொன்னேன். முப்பது வயது கடந்த தாய்மாருக்கு இப்புற்று உண்டா என்று பார்க்கும் பரிசோதனை அரசாங்க மருத்துவமனைகளில் இருக்கிறது. மகளை ஊசிக்கு அழைத்துப்போகும் நாளில் அதையும் விசாரித்து வரட்டும்.