வராத நாளின் சபை

1844 அக்டோபர் 22. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ஆயிரக்கணக்கானோர் அன்று கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தார்கள். விளைந்ததை அறுக்காமலே விட்டவர்களும் உண்டு. இரவு கழிந்தது, வழக்கம்போல விடிந்தது. அந்த நாளுக்கு ‘மகா ஏமாற்றம்’ என்று பெயர் வைத்து, தன் சரித்திரத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறது ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை. பிற சபைகள் தங்கள் தொடக்கமாக ஒரு சீர்திருத்தக்காரரையோ ஓர் எழுப்புதலையோ காட்டும். இவர்கள் காட்டுவது நடக்காமல் போன ஒன்றை.

*

கணக்குப் போட்டவர் வில்லியம் மில்லர். நியூயார்க் மாநிலத்து விவசாயி, பாப்டிஸ்ட். பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் வரை என்று தானியேல் 8:14 சொல்லும் 2300 நாட்களை ஆண்டுகளாகக் கொண்டு, கி.மு. 457இலிருந்து எண்ணினார். நாளையே குறித்துக் கொடுத்தவர் சாமுவேல் ஸ்னோ: யூத நாட்காட்டியின் ஏழாம் மாதம் பத்தாம் தேதி, பாவநிவிர்த்தி நாள்.

ஏமாற்றத்துக்கு மறுநாள் காலை வயலைக் கடந்து நடந்தபோது தனக்கு ஒரு தெளிவு வந்ததாக, காத்திருந்தவர்களில் ஒருவரான ஹைரம் எட்சன் பிற்காலத்தில் எழுதிவைத்தார். தேதி சரி, சுத்திகரிக்கப்பட வேண்டிய பரிசுத்த ஸ்தலம் பூமி அல்ல, பரலோகத்தில் இருப்பது. பிரதான ஆசாரியராகக் கிறிஸ்து அன்று அங்கே மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனார்.

யாரும் போய்ப் பார்க்க முடியாத இடத்துக்குக் கணக்கை மாற்றிவிட்டார்கள் என்று வெளியார் சொல்வார்கள். அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் கேலிப் பேச்சுக்கு நடுவே அவர்கள் லேவியராகமத்தையும் எபிரெயர் நிருபத்தையும் பக்கத்தில் வைத்து மறுபடி வாசிக்க உட்கார்ந்தார்களே, அதில் என் மனம் நிற்கிறது. புதுத் தேதிகளைக் குறித்துக்கொண்டே போனவர்கள் வேறு குழுவினர். இவர்களிலும் சிலருக்கு அந்த ஆசை இருந்தது. அது மெல்ல அடங்கியது.

மில்லர் இந்த விளக்கத்தை ஏற்காமலே 1849இல் இறந்தார். ஸ்னோ தன்னையே எலியா என்று சொல்லிக்கொண்டார். பரலோக ஸ்தலத்தைப் பற்றி முதலில் விரிவாக எழுதிய குரோசியர் பின்னாளில் அதை மறுத்தார். அஸ்திவாரம் போட்டவர்களில் இத்தனை பேர் குடிவராத வீடு அபூர்வம்.

*

முதல் சில ஆண்டுகளின் போதனை ஒன்று இன்று வாசிக்கும்போது உறுத்துகிறது. 1844இன் செய்தியைத் தள்ளியவர்களுக்குக் கிருபையின் வாசல் அடைபட்டது என்றார்கள். பிறகு, அந்தச் செய்தியைக் கேட்டே இராதவர்கள் வந்து சேர ஆரம்பித்தார்கள். 1850களின் தொடக்கத்தில் அந்தப் போதனை உதிர்ந்தது. வந்தவர்களின் முகத்தைப் பார்த்த பிறகு வாசல் அடைபட்டது என்று எப்படிச் சொல்வது?

*

சனிக்கிழமை ஓய்வுநாள் அவர்களுக்கு ஏழாம் நாள் பாப்டிஸ்டுகளிடமிருந்து வந்தது. ஓய்வுபெற்ற கப்பல் தலைவர் ஜோசப் பேட்ஸ் அதைப் பிடித்துக்கொண்டு 1846இல் சிறு நூல் எழுதினார். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தது 1860இல். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1857இல், நம் தமிழ்நாட்டு நாசரேத் பகுதியில் ஐரோப்பிய மிஷனரிகளோடு முறித்துக்கொண்ட அருமைநாயகம் சட்டாம்பிள்ளை தொடங்கிய சபையும் சனிக்கிழமையை ஆசரித்தது. நாசரேத்துக்காரர்களுக்கு அன்று அட்வென்டிஸ்டுகளைத் தெரியாது. வேதத்தைத் தானே திறந்து பார்ப்பவன் இந்த இடத்தில் வந்து இடறுவது சகஜம் போலும்.

*

பழைய சபைகள் தங்களை வெளியே தள்ளியதை நினைத்து, எழுதிவைத்த விசுவாசப் பிரமாணம் என்றாலே தொடக்ககால அட்வென்டிஸ்டுகள் அஞ்சினார்கள். சத்தியம் இன்னும் திறந்துகொண்டே வரும், அதற்கு வேலி கட்டக் கூடாது என்பது அவர்கள் வாதம். அவர்களின் முன்னோடிகளில் ஒருவரான ஜேம்ஸ் ஒயிட் 1849இல் தொடங்கிய பத்திரிகையின் பெயரே ‘நிகழ்காலச் சத்தியம்’. அவர் மனைவி எலன் ஒயிட்டின் தரிசனங்களை மதித்தவர்களும் வேதம் ஒன்றே பிரமாணம் என்றார்கள்.

ஆனாலும் விசுவாச வாக்கியங்கள் சேர்ந்தன. 1931இல் 22, 1980இல் 27, 2005இல் இன்னொன்று. இவை திருத்தத்துக்கு உட்பட்டவை என்று முன்னுரை சொல்கிறது. முன்னோர் பயந்ததன் மிச்சம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இரண்டாம் வாக்கியம் திரித்துவம். பேட்ஸால் அதைக் கடைசிவரை ஏற்க முடியவில்லை. இன்று அவர் வந்து ஞானஸ்நானம் கேட்டால், முதல் வாக்கியத்துக்குத் தலையசைத்துவிட்டு இரண்டாவதில் வாதம் செய்யத் தொடங்கிவிடுவார். போதகருக்கு அன்று மதியச் சாப்பாடு தாமதமாகும்.