இழுக்காத கயிறு

பாதுகாப்பு என்ற சொல்லை எங்கள் வட்டாரத்துப் பெண்கள் பெரும்பாலும் ஒரு கதவோடு சேர்த்தே கேட்டிருக்கிறோம். திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் பல, வளரிளம் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கின. முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை. அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயரும் வைத்தார்கள். வார்டன் உண்டு, கேட் உண்டு, பிள்ளை வெளியே போகாது என்ற உறுதியில்தான் பெற்றோர் அனுப்பினார்கள். அப்படி இருந்துவிட்டுப் படிக்க வந்த சிலர் என் வகுப்பில் உண்டு. அகப்பாடலில் இற்செறிப்பு நடத்தும்போது அவர்களுக்கு நான் உரை சொல்லத் தேவையில்லை. அடைத்து வைக்கும் தாய் அன்பில்லாதவள் அல்லள் என்பதுகூட அவர்களுக்குத் தெரியும்.

நாற்பத்தைந்து வயதில், ஒரு ஜனவரியில், லடாக்குக்குப் பனிச்சுவர் ஏறக் கற்றுக்கொள்ளப் போன எனக்கு இந்தச் சொல்லின் வேறொரு பொருள் பிடிபட்டது. லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரம். இரண்டு நாள் சும்மா உட்கார்ந்து மூச்சைப் பழக்கிக்கொண்ட பிறகு, கர்துங்லா போகும் சாலையில் உள்ள காங்லெஸ் என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போனார்கள். உறைந்து தொங்கும் நீர்தான் சுவர். பருத்தி உள்ளாடை போட்டுவரக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைத்துவிடும். பனியன் ஊர்க்காரியிடம் இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

பூட்ஸின் அடியில் முன்பக்கம் இரும்புப் பல் நீட்டிய கிராம்பான், இரு கைகளிலும் பனிக்கோடரி, இடுப்பில் ஹார்னஸ். கயிறு என் இடுப்பிலிருந்து மேலே ஒரு பிடிமானத்துக்குப் போய், திரும்பி, கீழே நிற்கும் வழிகாட்டியின் இடுப்புக்கு வருகிறது. வழிகாட்டி ஒரு லடாக்கிப் பெண், என் மாணவிகளின் வயது. இரண்டு ஆள் உயரம் ஏறியதும் அவள் சொன்னாள்: கையை விடுங்கள், விழுங்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று நினைத்தேன். இல்லை. விழுந்து பார்ப்பதுதான் முதல் பாடம். விழுந்தேன், ஒரு முழம் இறங்கித் தொங்கினேன். அதன் பிறகே ஏறக் கற்றுக்கொடுத்தாள். குதிகாலைத் தாழ்த்து, காலை நம்பு, கோடரியை நெரிக்காதே. புதியவர்களுக்கு முதலில் சோர்வது முன்கைதான். பயத்தில் இறுக்கிப் பிடிப்பதால்.

அந்தக் கயிறு என்னை மேலே இழுக்கவில்லை. ஏற ஏறத் தொய்வை மட்டும் உள்வாங்கிக்கொண்டது. இறுக்கு, தளர்த்து, இறக்கு என்று குரல் கொடுப்பது மேலே இருப்பவள். கேட்டு நடப்பது காப்பவள். விடுதியில் இது தலைகீழ். அங்கே காக்கப்படுகிறவள்தான் கேட்டு நடக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம் என்பதில்தான் நம் சிக்கல் பாதி இருக்கிறது.

காப்பவள் ஆணையிடவே இல்லையா என்றால், இட்டாள். வெயில் ஏறியதும் நிறுத்தச் சொன்னாள். பனி இளகிக் கட்டியாக விழும், யாரும் சுவருக்கு நேர் கீழே நிற்காதீர்கள் என்றாள். மறுபேச்சில்லாமல் விலகினோம். காரணம் பனியில் இருந்தது. எங்களோடு வந்த ஆண்களுக்கும் அதே உத்தரவுதான். நான் பெண் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

1808இல் மாரி பாரடி என்ற பணிப்பெண் மான் பிளாங்க் சிகரத்தை அடைந்த முதல் பெண் ஆனார். கடைசிப் பகுதியில் வழிகாட்டிகள் அவரை இழுத்தும் தூக்கியும்தான் கொண்டுபோனார்கள். 1838இல் ஹென்றியட் தாஞ்வில், 44 வயதில், அதே மலையைத் தன் காலால் ஏறினார். அவருக்கும் வழிகாட்டிகள் இருந்தார்கள். துணையோடு போனதால் அது அவருடைய ஏற்றம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துணையே இல்லாமல் சாதிப்பதுதான் விடுதலை என்பது, சோறாக்கி வைக்க வீட்டில் ஆள் இருந்தவர்கள் உண்டாக்கிய கருத்து.

2018 மார்ச் 11 எங்கள் ஊருக்கு மறக்காது. தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போன குழுவில் பெரும்பாலும் பெண்கள். இன்னொரு குழு திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்தவர்கள். காய்ந்த புல் நிற்கும் மாதத்தில் தீ வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரிந்த ஆள் கூட இருந்தாரா என்று கேட்டிருக்க வேண்டும். டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் நான் அதிகம் கேட்டது, பொம்பளைகளுக்கு மலையில் என்ன வேலை என்பதுதான். கயிறு இல்லாததால் நேர்ந்த சாவுக்குக் கதவைப் பரிகாரமாகச் சொன்னார்கள். ஐந்தாண்டு கழித்து, 2023 மே 23இல், விருதுநகர் மாவட்டம் ஜோகில்பட்டியைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் உச்சியில் நின்றார். தமிழ்நாட்டிலிருந்து அதை எட்டிய முதல் பெண். பச்சேந்திரி பால் 1984இல் ஏறியதும் அதே மே 23தான். செய்தியைப் பார்த்த எங்கள் பக்கத்து வீட்டம்மா கேட்டது: "புள்ளைங்கள யாரு பாத்துக்கிட்டாங்களாம்?"

ஊருக்குத் திரும்பியதும் எனக்கு வேறு ஒரு கேள்வி காத்திருந்தது. மாலையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மாணவி கேட்டாள்: "ஏனுங்க மேடம், காசு குடுத்துப் பயத்த வாங்கிட்டு வந்தீங்களா?"

நியாயமான கேள்வி. அவளுக்குப் பயம் இலவசமாகவே கிடைக்கிறது: இரவு ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாப்பில், சூப்பர்வைசர் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது. வேண்டும் என்று போய், வேண்டாம் என்றால் இறக்கிவிடச் சொல்லக்கூடிய பயம் சம்பளக்காரியின் வசதி. ஆனால் அந்த வசதி எதனால் ஆனது என்று தெரிந்துகொண்டேன் என்றேன். இறக்கு என்று சொன்னால் இறக்குவதற்கு ஓர் ஆள். அவளுடைய ஷிப்டில் அப்படி யாரும் இல்லை.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கயித்தப் புடிச்ச புள்ளைக்கு என்ன சம்பளமுங்க?"

கேட்டு வந்திருந்தேன், சொன்னேன். பரவாயில்லை என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, "அந்தப் புள்ள உழுந்தா யாருங்க புடிப்பாங்க?" என்றாள்.

அன்று காலை எங்களுக்கு முன்னால் மேலே போய்க் கயிறு கட்டியவள் அவள்தான். மேலிருந்து தாங்க அவளுக்குக் கயிறு இல்லை. ஏற ஏறப் பனியில் திருகாணியைத் திருகி, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டு போனாள். விழுந்திருந்தால் கடைசித் திருகாணிக்குக் கீழேயும் அதே அளவு விழுந்திருப்பாள். கீழே கயிற்றைப் பிடித்திருந்தவள் அவளுடைய சித்தி மகள்.