ததீயாராதனமும் உடல் ஒவ்வாமையும்: ஒரு விசாரம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருப்பாவை 2ஆம் பாசுரத்தில் நெய்யையும் பாலையும் விலக்கி நோன்பு தொடங்கிய ஆயர் சிறுமியர், 27ஆம் பாசுரத்தில் பாற்சோற்றையும் அதை மூடும்படி வார்த்த நெய்யையும் வேண்டுகிறார்கள். அன்று விலக்கியதும் அவனுக்காக. இன்று வேண்டுவதும் அவனோடு கூடுவதற்காக. இப்பாசுரத்துக்கு வ்யாக்யானம் அருளிய பூர்வாசார்யர்கள், உண்பதைக் காட்டிலும் கூடியிருப்பதற்கே ஏற்றம் காட்டுவர். பிரிந்து பட்ட வருத்தம் தீரக் கூடியிருக்கையே பேறு. சோறு அதற்கு ஒரு வ்யாஜமாத்ரம். மார்கழி 27ஆம் நாளான கூடாரவல்லியன்று திருமாளிகைகளிலும் ஸபைகளிலும் அக்காரவடிசில் கண்டருளப்பண்ணி, பாகவதர்களை அமர்த்தி ததீயாராதனம் நடத்துவது இதனை அடியொற்றிய வழக்கமே.

இவ்விடத்தில் இக்காலத்துக்கே உரிய ஒரு கேள்வி எழுகிறது. அந்த கோஷ்டியில் பால் அறவே ஒவ்வாத பாகவதர் ஒருவர் எழுந்தருளியிருந்தால், அந்தக் கூடியிருக்கை அவருக்கும் உண்டா, இல்லையா? அவர் இலையில் விழுந்த ப்ரஸாதத்தை ஒதுக்கினால் அபசாரமா? ஒதுக்கும் நிலையில் அவரை வைத்த நம்மைச் சேர்கிறதா அந்த அபசாரம்? அடியோங்கள் நீண்ட நாள் சிந்தித்ததில், இது தளிகைப் பட்டியல் பற்றிய கேள்வியாக மட்டும் தோன்றவில்லை. பாகவத சேஷத்வத்தைப் பற்றிய கேள்வியாகவே தோன்றுகிறது.

ஆஹார நியமம் நம் ஸம்ப்ரதாயத்துக்குப் புதிதன்று. ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் ஸாதன ஸப்தகத்தை அருளிச்செய்யுமிடத்து முதலில் வைப்பது விவேகம். ஜாதி, ஆச்ரய, நிமித்த தோஷங்கள் தட்டாத உணவினால் வரும் சரீர சுத்தியே அது. ஸ்வாமி தேசிகன் ஆகார நியமம் என்றே ஒரு ப்ரபந்தம் அருளினார். ஆகவே வெங்காயம், பூண்டு, முருங்கை ஆகாது என்பதை எந்தத் தளிகைக் கைங்கர்யபரருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏகாதசியன்று அன்னம் கொள்ளாதவரையும், பிறர் அகத்தில் உண்பதில்லை என்ற நியமம் உடையவரையும் யாரும் கடிந்துகொள்வதில்லை, போற்றவே செய்கிறார்கள். ஆனால் முந்திரிப்பருப்பு தமக்கு ஆகாது என்று ஒருவர் சொன்னால், அதை நாவின் சபலம் என்றோ நாகரிக வியாதி என்றோ சொல்லிச் சிரிப்பவர் உண்டு. அனுஷ்டானத்தால் விலக்குபவருக்குத் தரும் மதிப்பைச் சரீரத்தால் விலக்குபவருக்கு ஏன் தரக்கூடாது என்று விளங்கவில்லை.

கீதை 17ஆம் அத்யாயத்தில் கண்ணன் ஸாத்த்விக உணவுக்குச் சொல்லும் அடையாளங்களில் ஆயுளும் ஆரோக்யமும் வளர்தல் இடம்பெறுகிறது (17.8). அடுத்த ச்லோகத்தில் ராஜஸ உணவுக்குச் சொல்லும் பலன் துக்கம், சோகம், நோய். இந்தப் பலன்களைக் கருத்தில் கொண்டு பார்த்தால், ஒரே உருளியில் இறக்கிய ஒரே திருக்கண்ணமுது ஒருவருக்கு ஆரோக்யத்தையும், அருகிருப்பவருக்கு நோயையும் தரக்கூடும். பண்டத்தை மட்டும் பார்த்து ஸாத்த்விகம் என்று முத்திரை குத்திவிட்டால், அதை உண்பவர் கணக்கில் வரவேயில்லை.

வைத்ய விஷயம் சிறிது சொல்லியே ஆகவேண்டும். பால் செரியாமையும் பால் ஒவ்வாமையும் வேறு. முன்னதில் பாற்சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் குறைவு. வயிறு உப்பும், கழிச்சல் வரும், ஒரு நாள் அவதி. பின்னதில் உடலின் காப்பு சக்தியே பாற்புரதத்தைப் பகை என்று எண்ணிப் போர் தொடுக்கிறது. தீவிரமானால் சில நிமிடங்களில் தொண்டை வீங்கி, மூச்சுக்குழல் இறுகி, இரத்த அழுத்தம் தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகும். உடனே அட்ரினலின் ஊசி போட்டு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய நிலை. வேர்க்கடலை, முந்திரி, எள் ஆகியவையும் சிலருக்கு இவ்வாறே. சீலியாக் என்னும் நோயுடையவருக்குக் கோதுமை, பார்லி முதலியவற்றிலுள்ள குளூட்டன் சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கும். அரிசிச் சோறுதானே என்று நாம் நிம்மதியாக இருப்போம். ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அது சாற்றமுதில் கரைந்து அவர் இலைக்கு வந்துவிடும். புளியோதரையில் எள்ளுப்பொடியும் நல்லெண்ணெயும் வேர்க்கடலையும் ஒருங்கே இருக்கும். நெய்யை எவ்வளவு உருக்கித் தெளிய வைத்தாலும் பாற்புரதத்தின் சுவடு அதில் இருக்கக்கூடும். திருக்கண்ணமுதில் தோய்ந்த கரண்டி கறியமுதில் புகுந்தால், அதுவே போதும்.

பொட்டலத்தில் விற்கும் உணவில் பால், வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், குளூட்டன் உள்ள தானியங்கள் முதலியன இருந்தால் அச்சிட்டுச் சொல்லவேண்டும் என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளும் அந்நாட்டுப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அங்குள்ள ஸபைகளில் புளியோதரை ஸாதிப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். பிஸ்கட் பொட்டலம் சொல்லும் அளவுகூட நம் வாழையிலை சொல்வதில்லை.

பெரியோர் சிலர் இரண்டு ஸமாதானங்கள் சொல்வதுண்டு. ஒரு பருக்கையாவது ஸ்வீகரித்தால் போதும் என்பது ஒன்று. பசியில்லாதவருக்கும் சர்க்கரை நோயாளருக்கும் இது அழகிய வழி. ப்ரஸாதத்தின் பெருமை அளவில் இல்லை. ஆனால் தீவிர ஒவ்வாமையில் அந்த ஒரு பருக்கையே ஆபத்து. மற்றொன்று, பகவத் ப்ரஸாதம் ஒருநாளும் தீங்கு செய்யாது, ப்ரஹ்லாதன் விஷத்தையே உண்டு செரிக்கவில்லையா என்பது. ஸ்ரீவிஷ்ணுபுராணத்தில் அந்தக் கட்டத்தை மீண்டும் ஸேவிக்க வேண்டும். ஹிரண்யகசிபுவின் ஆணைப்படி உணவில் விஷம் கலந்து கொடுத்தவர்கள் அவனுடைய மடைப்பள்ளியார். உண்டவன் ப்ரஹ்லாதன் என்று பெருமை பேசுகிறோம். பரிமாறியவர் யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதையும் நினைக்க வேண்டாவோ? உண்பவருக்குத் தம் விச்வாஸத்தைச் சொல்லிக்கொள்ள அதிகாரம் இருக்கலாம். பரிமாறுபவருக்கு அந்த வாதம் பேச இடமேயில்லை.

சரி, ஒவ்வாதவர் தாமே வாய்திறந்து சொல்லக்கூடாதோ எனில், சொல்லலாம், சொல்லவும் வேண்டும். இச்சரீரமும் அவனுடைய உடைமையாயிருக்க, அதைப் பாழாக்க நமக்கு உரிமையில்லை. ஆயினும் நம்மவர் இயல்பு வேறு. ‘ஸ்வாமிக்கு எது ஆகும்?’ என்று கேட்டால், ‘தேவரீர் எதை ஸாதித்தாலும் அடியேனுக்கு அம்ருதம்’ என்று கைகூப்புவார். அது பொய்யன்று, நைச்யம். அந்த நல்ல குணமே அவருக்கு ஆபத்தாக முடிகிறபடியால், கேட்கும் பொறுப்பு அழைப்பவருடையது என்பதே அடியோங்கள் துணிபு. அதுவும் பந்தியில் பத்துப் பேர் நடுவில் நின்று கேட்டால் உண்மை வாராது. அழைக்கும்போதே தனியாக, ‘சரீரத்துக்கு ஒவ்வாதது ஏதும் உண்டோ, அகத்தில் குழந்தைகளுக்கு உண்டோ?’ என்று பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். பால், நெய், முந்திரி, கடலை, எள், கோதுமை என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் மட்டுமே பலருக்கு நினைவு வரும். குழந்தையின் விஷயத்தைத் தகப்பனாரைவிடத் தாயாரிடம் கேட்பது உத்தமம். தகப்பனார்களில் பலருக்குத் தெரிவதில்லை.

அஷ்டஸஹஸ்ர க்ராமத்து வ்ருத்தாந்தம் இங்கு நினைக்கத்தக்கது. திருமலைக்கு எழுந்தருளும் வழியில் உடையவர், தாம் வருவதை அறிவிக்க இரண்டு ஸ்ரீவைஷ்ணவர்களை யஜ்ஞேசர் என்னும் செல்வந்தரிடம் முன்னே அனுப்பினார். ஆசார்யர் எழுந்தருள்கிறார் என்ற ஆனந்தத்தில் அவர் ஏற்பாடுகளைக் கவனிக்க உள்ளே ஓடிவிட்டார். வெயிலில் நடந்து களைத்து வந்த இருவருக்கு இருக்கை தரவும் நீர் தரவும் மறந்தார். உடையவர் அதைக் கேட்டு, வறியவரான பருத்திக்கொல்லை அம்மாள் திருமாளிகைக்கே எழுந்தருளினார். யஜ்ஞேசரிடம் பக்தியில் குறையில்லை. தளிகைக்குப் பொருளிலும் குறையில்லை. எதிரே நின்றவர்களின் வாட்டத்தை அவர் பார்க்கவில்லை. 16 வகைப் பண்டம் செய்து, உண்பவருக்கு எது ஆகும் என்று ஒரு வார்த்தை கேளாத ஏற்பாடும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் சேரும்.

சேஷிக்கு அதிசயத்தை விளைப்பதே சேஷனுக்கு ஸ்வரூபம். கைங்கர்யம் நம் உகப்புக்காக அன்று, கொள்பவர் உகப்புக்காக. அந்த சேஷத்வம் பாகவதர் அளவும் செல்லும் என்பதன்றோ திருவாய்மொழியில் பயிலும் சுடரொளிப் பதிகத்தின் ஸாரம். காஞ்சியில் பேரருளாளனுக்குப் பாலமுது மிகச் சூடாக ஸமர்ப்பிக்கப்படுவதைக் கண்டு பதறி, பதமாக ஆற்றிக் கொடுத்தமையால்தான் வாத்ஸ்ய வரதாசார்யர் அம்மாள் என்று பெயர் பெற்றார். அப்ராக்ருத திருமேனியுடைய அவனுக்கே திருப்பவளம் சுடும் என்று அஞ்சியது அந்த உள்ளம். சுட்டால் உண்மையிலேயே புண்ணாகும் சரீரமுடைய அடியார் விஷயத்தில் எவ்வளவு அஞ்சவேண்டும்!

ஒரு நியாயமான ஆக்ஷேபம் எஞ்சுகிறது. ஒரே பந்தியில் ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு வேறொன்றும் இடுவது பங்க்திபேதம், அது தோஷம் என்பர். உண்மைதான். தனவானுக்கு நெய்யும் ஏழைக்கு வெறும் சோறும் இடும் பேதத்தையே சாஸ்த்ரம் கண்டிக்கிறது என்று சமாதானம் சொல்லலாம். ஆனாலும் தன் இலை மட்டும் வேறாக இருப்பதன் கூச்சம் உண்பவருக்கு உண்டே. ஆகவே கூடியவரை எல்லோருக்கும் ஒன்றாக ஆகும்படி தளிகையை அமைப்பது முதற்பக்ஷம். ஒரு குழந்தைக்கு முந்திரி ஆகாதெனில் அன்று எதிலும் முந்திரி வேண்டா. 60 பேருக்கு ருசியில் சிறு குறை, ஒருவருக்கு உயிர். பெருங்காயத்தில் கோதுமை கலவாததை வாங்கினால் யாருக்கும் எதுவும் குறையாது. பானகமும் வடைப்பருப்பும் பாலோ கோதுமையோ கொட்டைகளோ இன்றிச் செய்யத்தக்கவை. அவற்றை ஸ்ரீராமநவமிக்கு மட்டும் என்று ஒதுக்கவேண்டியதில்லை.

அக்காரவடிசிலைப் பாலின்றிச் செய்ய முடியாது. எம்பெருமானுக்கு அன்று அதைக் குறைக்கவும் கூடாது. அங்கே தனிப் பாத்திரம்தான். அரிசி, பயற்றம்பருப்பு, வெல்லம், தேங்காய்ப்பால் கொண்டு சிறிது தளிகை செய்து, அதையும் பெருமாள் திருமுன்பே வைத்துக் கண்டருளப்பண்ணவேண்டும். இது அடியோங்களுக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒவ்வாதவருக்குக் கடைப் பழம் இரண்டு கொடுத்து அனுப்பினால் வயிறு நிறையலாம். ஆனால் கோஷ்டியில் அவர் ஒருவர் மட்டும் ப்ரஸாதம் பெறாதவராகிறார். தனிக் கரண்டியும் தனிக் கையும் வேண்டும். கரண்டிகள் கலக்குமுன் அவருக்கே முதலில் பரிமாறவேண்டும். முதல் பரிமாற்றம் நம்மிடையே மரியாதையாகவும் இருப்பது நல்லதாயிற்று. செலவு கணக்கில் தெரியாத அளவே. தெரிவது இன்னொரு கைங்கர்யபரரின் உழைப்பு.

திவ்யதேசங்களில் இது செல்லாது. மடைப்பள்ளிப் பத்ததி நம் வசதிக்காக மாறாது, மாறவும் வேண்டா. அங்கே ப்ரஸாதத்தைக் கையில் பெற்று, அருகில் நிற்பவரிடம் கொடுத்துவிடலாம். கையால் தொடவும் ஆகாதவருக்குத் தீர்த்தம் உண்டு, திருத்துழாய் உண்டு, ஸ்ரீசடகோபம் உண்டு. ‘ஒரு வாயாவது’ என்று பக்கத்திலிருந்து நிர்பந்திப்பவர் மட்டும் சற்று விலகி நின்றால் போதும்.