அறிந்த பகுதியும் அறியாத முழுமையும்

மனிதனுக்கு நன்மை செய்யும் நோக்கம், அவனைப் பற்றிய முழுமையற்ற அறிவோடு அவன்மீது செயற்படும் உரிமையை வழங்குமா? மருத்துவத்துக்கு இவ்வினா புதியதன்று. ஆயினும், கணனியின் துணையோடு மருந்துகள் வடிவமைக்கப்படும் இக்காலத்தில் அது புதியதொரு கூர்மையைப் பெற்றுள்ளது. அல்சைமர் நோய்க்கான மருந்துத் தேட்டத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1906ஆம் ஆண்டில் ஜேர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், நினைவிழந்து இறந்த பெண்ணொருவரின் மூளையிற் கண்ட படிவுகளை எடுத்துரைத்தார். அப்படிவுகளின் பிரதான கூறு அமிலோயிட் பீற்றா என்னும் புரதத்துண்டு என்பது 1980களிற் புலனாயிற்று. அதனை வெட்டி உருவாக்குவதில் பங்குகொள்ளும் பேஸ் 1 என்னும் நொதியம் 1999இல் இனங்காணப்பட்டது. மறு ஆண்டே அதன் முப்பரிமாண வடிவமும் வெளிப்பட்டது. பூட்டின் வடிவம் தெரிந்தபின் சாவியைத் தேடுவது பெருமளவு கணிப்புக்குரிய பணியாயிற்று. நொதியத்தின் குழிவில் எம்மூலக்கூறு பொருந்தும், எத்துணை வலிமையோடு பிணையும் என்பவற்றை மாதிரியுருக்களைக் கொண்டு மதிப்பிடலாயினர்.

அவ்வடிவத்தைத் துணைக்கொண்டு ஆக்கப்பட்ட மருந்துகளுள் வெருபெசெஸ்ராட் ஒன்று. அது நொதியத்திற் பொருந்தியது. நோயாளரிடத்து அமிலோயிட் பீற்றாவின் அளவும் பெரிதும் குறைந்தது. ஆனால் நோயின் போக்கு மாறவில்லை. 2017, 2018ஆம் ஆண்டுகளில் அதன் இரு பெரும் பரிசோதனைகளும் நிறுத்தப்பட்டன. நோயின் தொடக்க நிலையினருள் கூடிய அளவு மருந்து பெற்றோர், போலிக் குளிசை பெற்றோரைவிடச் சில அளவீடுகளிற் பின்தங்கியிருந்தனர்.

கணிப்பு பிழைத்ததெனக் கூறல் இங்கே பொருந்தாது. கேட்ட வினாவுக்கு அது விடையளித்தது, வினாவே குறுகியது. அந்நொதியம் நரம்புகளுக்கு வேண்டிய வேறு புரதங்களையும் வெட்டுவதாகும். மூலக்கூறு பற்றிய தெளிவை மனிதன் பற்றிய தெளிவென மயங்கும் இடத்திலேயே தவறு தொடங்குகின்றது.

அவ்வாறாயின் முழுமையறிவு கைகூடும்வரை காத்திருத்தலே அறம் என்பார் உளர். அவ்வாதமும் நிலைபெறாது. 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஐந்தரைக் கோடிக்கு மேற்பட்டோர் மறதிநோய்களால் பீடிக்கப்பட்டிருந்தனர்; அவர்களுட் பெரும்பாலோர் அல்சைமர் நோயாளர். செயலின்மையும் ஒரு தெரிவே. அதன் விலையைச் செலுத்துவோரும் நோயாளரே. மேலும், பயனற்ற பல மூலக்கூறுகள் மனித உடலை அடையுமுன்னரே அவற்றை விலக்குவதற்கு மாதிரியுரு உதவுகின்றது.

எனவே செயற்படும் உரிமை உண்டு. ஆனால் அது கடமைகளோடு கூடியது. முதலாவது கடமை சம்மதம் பற்றியது. 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கிப் பிரகடனம், சம்மதமளிக்கும் தகைமையற்றோர் பொருட்டுச் சட்டபூர்வ பாதுகாவலரின் சம்மதத்தை வேண்டி நின்றது. எனினும், மருந்தின் வாக்குறுதியை மட்டும் கேட்டுத் தலையசைப்பது சம்மதமாகாது. கணிப்பு எங்கே முடிகின்றது, அறியாமை எங்கே தொடங்குகின்றது என்பதும் நோயாளருக்கு அவர் விளங்கிக்கொள்ளக்கூடிய காலத்திலேயே சொல்லப்படல் வேண்டும். இரண்டாவது கடமை, தோல்வியை மறையாது வெளியிடுதல். மேற்கூறிய இரு பரிசோதனைகளின் முடிவுகளும் 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளியிடப்பட்டன. அவை மறைக்கப்பட்டிருப்பின், அதே ஆபத்தை அறியாது வேறு நோயாளர் மீண்டும் சுமக்க நேர்ந்திருக்கும்.

கணனியின் வழு திரையில் திருத்தப்படலாம். அவ்வழுவைத் தம் உடலில் ஏற்றவர், தாம் அளித்ததையே நினைவுகூர இயலாதவராய் இருக்கலாம். அவர் மறந்ததை ஆய்வுலகம் நினைவில் வைத்திருத்தலே நீதியாகும்.