போராட்ட ஏடுகளைக் காப்பது யார் கடன்?

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, இக்காலத்தார்க்கு வியப்பாகத் தோன்றும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. சீனத் தொழிலாளர் பெறும் கூலி தமக்கும் வேண்டும், தம் பெண்டிரிடம் முறைகேடாக நடத்தல் நிற்க வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு வேண்டும் என்பனவும் அதனோடு சேர்ந்து நின்றன. அரிசிக்கும் பருப்புக்கும் மட்டும் அவர்கள் எழவில்லை. மானத்துக்காக எழுந்தார்கள் என்பதற்கு அந்தச் சைக்கிள் ஒன்றே போதிய சாட்சி.

இப்பட்டியல் நம் கைக்கு எவ்வாறு வந்தது என்பதைச் சிறிது எண்ணிப் பாருங்கள். தோட்டத்து லயத்துப் பரணிலிருந்து அது வரவில்லை. போராட்டத்தை அடக்கிய அதிகாரிகள் தம் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களோடு லண்டன் காலனி அலுவலகக் கோப்புகளில் கட்டுண்டு கிடந்தமையாலேயே பெரும்பாலும் சரித்திர ஆசிரியர் கண்ணிற் பட்டது. தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். அவர்கள் கேட்டது இன்னதென்பதை மட்டும் அடக்கியவனே பத்திரப்படுத்தி வைத்தான். அடித்தவன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டி அடிபட்டவன் சொல்லைத் தேடும் நிலையில் ஒரு சமூகம் இருக்கலாமா? நம்முடைய கேள்வி இதிலிருந்துதான் பிறக்கிறது.

கெடாவில் 1947ஆம் ஆண்டு பீடோங் பக்கத்தில் கள்ளுக்கடை முன் மறியல் செய்த தொண்டர் படையார் கதியும் ஏறக்குறைய இதுவே. குடியை ஒழிக்கப் புறப்பட்ட ஏழைத் தொழிலாளர் போலீசார் அறிக்கைகளில் கலகக்காரராகவே எழுதப்பட்டனர். அவர்கள் தம்மைப்பற்றி என்ன எழுதிக்கொண்டார்கள்? கூட்ட அறிவிப்பு, சந்தாப் புத்தகம், உறுதிமொழித் தாள் எவையேனும் எந்த வீட்டிலாவது எஞ்சியிருப்பின், அது பொன்னினும் அரிய பொருள்.

எஞ்சாமைக்குக் காரணம் அசட்டை மட்டுமன்று, அச்சமும் உண்டு. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனம் பதிவை இழந்தது. அதன் தலைவராயிருந்த தமிழர் எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அத்துப்பாக்கியைப் போலீசாரிடம் ஒப்படைக்கவே கொண்டு சென்றதாக அவர் கூறினார், நீதிமன்றம் ஏற்கவில்லை. அதற்கு முந்திய நாள் அவர் தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். விசாரணையின்றிச் சிறை, நாடு கடத்தல் என்பவை அன்றாடச் செய்திகளாயின. காடும் தேயிலைச் சரிவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் எங்கள் கேமரன் மலையில் ஒரு சங்கத் துண்டுப் பிரசுரம் மடியில் அகப்படுவது என்ன பொருள் தரும் என்பதை விவரிக்க வேண்டுவதில்லை. அக்காலத்தில் தாளை அடுப்பிலிட்ட ஒரு தாயைக் குறைகூற நம்மில் எவர்க்கு வாயுண்டு?

ஆனால் வேறு சிலரும் எரித்தார்கள். மலாயா சுதந்திரம் பெற்ற 1957ஆம் ஆண்டில், வெளியேறும் ஆட்சியார் கோலாலம்பூரிலிருந்து ஐந்து லாரி நிறையக் காகிதங்களைச் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்கு ஏற்றிச் சென்று அங்குள்ள எரியுலையிற் கொட்டினர். எரிக்காமல் இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்று மறைத்தவையும் உண்டு. முன்னாட் குடியேற்ற நாடுகள் 37லிருந்து கொண்டு சென்ற ஏறத்தாழ 8,800 கோப்புகள் தம்மிடம் இருப்பதை பிரிட்டிஷ் அரசாங்கம் 2011ஆம் ஆண்டில்தான் ஒப்புக்கொண்டது. அதுவும் கென்யா நாட்டு முதியோர் சிலர் வழக்குத் தொடுத்து நெருக்கியதன் பின்னரே!

இரண்டும் தீயே. எனினும் இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அறமாகாது. எளியவன் அடுப்பில் எரிந்த தாள், அதிற் பெயர் எழுதப்பட்ட மனிதனைக் காத்தது. ஆண்டவன் உலையில் எரிந்த தாளோ, அதிற் கையெழுத்திட்டவனைக் காத்தது. முன்னதில் உயிர் தப்பிற்று. பின்னதில் பழி தப்பிற்று. ஏடுகளைப் பற்றி வழக்கெழும் இடமெல்லாம் நாம் முதலிற் கேட்கத் தக்கது, இந்த நெருப்பு யாரைக் காக்கிறது என்பதுதான்.

ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரம் இவ்வுண்மையை இரு முகமாகக் காட்டியது. அங்கே 1935ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சமூக சரித்திரக் கழகம், நாஜிகள் கைப்படாமல் காப்பதற்கென்றே தொழிலாளர் இயக்கங்களின் ஏடுகளைத் தேடிச் சேர்த்தது. கார்ல் மார்க்ஸ், எங்கெல்ஸ் ஆகியோரின் கையெழுத்துப் பிரதிகளை 1938இல் விலைக்கு வாங்கியது. 1940இல் நாஜிப் படை நகருட் புகுமுன்பே அவை இங்கிலாந்து சேர்ந்துவிட்டன. அதே நகரத்தில் 1943 மார்ச் மாதத்தில் ஓவியர் வில்லெம் அரோண்டேயஸ் முதலிய எதிர்ப்பு வீரர்கள் மக்கட் பதிவேட்டு நிலையத்தில் வெடிவைத்துத் தீமூட்டினார்கள். யூதர்களையும் தலைமறைவானவர்களையும் பிடிக்க அப்பதிவேடுகள் பயன்பட்டமையே காரணம். அவர்களுட் பன்னிருவர் அவ்வாண்டு ஜூலை மாதத்திற் கொல்லப்பட்டனர். ஏட்டைக் காத்தவரும் ஏட்டை எரித்தவரும் ஒரே நகரத்தார். இருவரும் செய்தது சரியே என்று நாம் துணிந்து சொல்வோம்.

ஆதலால் ஏடு என்பது எக்காலத்தும் புனிதம் என்று கும்பிடும் மனப்பான்மை நமக்கு வேண்டா. பெயர்ப் பட்டியல் உயிரோடிருப்பவனைக் காட்டிக் கொடுக்குமாயின் அதனை வெளியிடுவது துரோகமே. ஆயினும் வெளியிடாமைக்கும் அழிப்பதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. இருபது ஆண்டோ ஐம்பது ஆண்டோ திறக்கலாகாது என்று எழுதிப் பூட்டி வைக்கும் முறை உலகெங்குமுள்ள ஆவணக் காப்பகங்களில் உண்டு. பூட்டைக் காலம் திறக்கும். சாம்பலை எவரும் திறக்க முடியாது. அவசரகாலம் 1960இல் முடிவுற்றது. ஹாட்யாய் சமாதான உடன்படிக்கை 1989இல் கையெழுத்தாயிற்று. அன்று அடுப்பிலிட நியாயமிருந்த தாளை இன்று குப்பையிலிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

சில அன்பர்கள் சினக்கலாம். "கம்யூனிஸ்டுகள் தோட்டங்களில் கொலை செய்யவில்லையா? கங்காணிகளும் கிராணிகளும் அவர்கள் கையில் மடியவில்லையா? அவர்கள் காகிதத்துக்கு ஏன் கண்ணாடிப் பேழை?" என்பர். நல்ல கேள்வி, இதைச் சமாதானம் கூறி மழுப்பலாகாது. காப்பவன் நீதிபதியல்லன், வக்கீலுமல்லன். சங்கத்தின் அறைகூவலை வைக்கும் அதே அலமாரியில், மாண்ட கிராணியின் மனைவி எழுதிய மனுவும் இருக்கவேண்டும். இயக்கத்தை வெறுத்தவர் எழுதிய கண்டனமும் இருக்கவேண்டும். இயக்கத்தார் தமக்குப் பெருமை தரும் தாள்களை மட்டும் பொறுக்கி வைத்தால், அந்த ஐந்து லாரிக்காரர் செய்ததையே சிறிய அளவிற் செய்தவராவர். சீர்திருத்தம் பேசும் நம்மவரிடமும் இந்த நோய் உண்டு. தலைவரின் மாலையிட்ட படம் நூறு கிடைக்கும். உட்கட்சிச் சண்டை நடந்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு ஒன்றும் கிடைக்காது.

பெரிய காப்பகங்கள் இல்லாமல் இல்லை. கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் 1957 முதல் இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலகம் 'தமிழ் முரசு' நாளிதழின் பழைய இதழ்களை எவரும் படிக்கும்படி மின்வடிவில் ஏற்றியுள்ளது. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் வேர், கோட்டையூரில் ஒரு தனி மனிதர் பைத்தியக்காரப் பட்டத்துக்கும் அஞ்சாது நோட்டீசு முதற்கொண்டு சேர்த்து வைத்த திரட்டேயாகும். ஆயின் இவற்றில் எதுவும் பிரிஞ்சாங் மலையேறி வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டப்போவதில்லை.

இம்மலையிலோ காகிதத்துக்கு அரசாங்கத்தைவிடக் கொடிய பகை ஒன்றுண்டு. மூடுபனியின் ஈரம் தகரப் பெட்டிக்குள்ளும் புகும், பூஞ்சணம் பூக்கும், குண்டூசி துருவேறித் தாளை அரிக்கும், மிஞ்சியதை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கியபோது காடு வெட்டிய தலைமுறை மறைந்தது. அவர்தம் பேரப்பிள்ளைகள் பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டனர். வீடு மாறும்போது முதலில் எறியப்படுவது பாட்டனார் பெட்டியே. (இன்று கொழுந்து பறிக்கும் வங்காளதேசத்தாரும் நேபாளத்தாரும் எழுதும் கடிதங்களை யார் காக்கப்போகிறார்கள் என்பதையும் யாரேனும் கேட்டு வைத்தல் நலம்.)

அப்பெட்டி வைத்திருப்போர் செய்யத்தக்கது அதிகமில்லை. ஈரத் தாளை வெயிலிற் போடாமல் நிழலிற் காற்றாட விடுக. குண்டூசிகளைக் கழற்றுக, ஒட்டு நாடா ஒட்டாதீர். புகைப்படத்தின் பின்புறம், நிற்பவர் இன்னார், தோட்டம் இன்னது என்று பென்சிலால் மெல்ல எழுதுக. அதைச் சொல்லத்தக்க கிழவியார் இன்னும் இருக்கும்போதே எழுதுக. படி ஒன்று எடுத்து வீட்டில் வைத்து, மூலத்தைக் காப்பகத்துக்குக் கொடுப்பீராயின், எத்தாள் எத்தனை ஆண்டு மூடியிருக்க வேண்டும் என்பதை எழுத்திற் கேட்டு வாங்குக. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே இருப்பது இன்னதென்று தமிழிலும் மலாயிலும் ஒரு பட்டியல் சேர்த்தனுப்புக. இல்லையேல் தமிழறியாத ஓர் அலுவலர், சந்தாப் புத்தகத்தையும் சிறையிலிருந்து வந்த கடிதத்தையும் ஒன்றாய்க் கட்டி, 'பலவகைத் தமிழ்த் தாள்கள்' என்று மேலே எழுதி அடுக்கிவிடுவார்.