உடைமையும் அமானிதமும்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கிவிட்டால், அதனை நம் மனம்போல் வெட்டவும் ஒட்டவும் நமக்கு முழு உரிமை உண்டா? எளியதாகத் தோன்றும் இக்கேள்விக்கு, இராமேசுவரம் தீவின் கீழைக் கோடியில் நெடுங்காலம் ஓடிய பழைய வண்டிகளைக் கொண்டு விடை காண முயல்வோம்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலுக்கு இரையாயிற்று. இருப்புப்பாதை போயிற்று, சாலையும் போயிற்று. அதன் பின்னர் அரை நூற்றாண்டு காலம், முகுந்தராயர் சத்திரத்திற்கு அப்பால் மணலும் சேறும் ஆழமற்ற உப்பு நீருமே வழியாக இருந்தன. ஒரு புறம் ஆண்கடல், மறுபுறம் பெண்கடல். இடையே அந்த மணல் திட்டு. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும் பழைய ஜீப்புகளும் வேன்களும்தாம் அங்கே மீனவர்களையும் யாத்திரிகர்களையும் சுமந்தன.

ஜீப் இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான வண்டி. நம் நாட்டில் அதனைப் பரப்பிய நிறுவனம் 1945இல் தொடங்கியபோது அதன் பெயர் ‘மஹிந்திரா அண்ட் முகம்மது’ என்பதைப் பலர் அறியார். பங்காளியான குலாம் முகம்மது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் நிதியமைச்சராகிவிட, 1948இல் அது ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா’ ஆயிற்று. போர்க்களத்திற்கெனப் பிறந்த வண்டி நம் கடற்கரையில் பிழைப்புக்கு உதவியது என்பது காலத்தின் விந்தைகளுள் ஒன்று.

அத்தகைய வண்டியை மணலுக்கு ஏற்றதாக்குவது எவ்வாறு? பலரும் எண்ணுவது போல் எதையேனும் கூட்டிச் சேர்ப்பதன்று முதல் வேலை. குறைப்பதே முதல் வேலை. தார்ச்சாலையில் முப்பது பவுண்டு காற்றோடு ஓடும் டயரில், மணலில் இறங்குமுன் ஏறத்தாழப் பாதியை இறக்கிவிடுகிறார்கள். டயர் தளர்ந்து நீளவாக்கில் மணலைத் தழுவுகிறது, வண்டியின் பாரம் அகன்ற பரப்பில் பரவுகிறது, சக்கரம் புதைவதில்லை. விறைத்து நிற்பது புதைகிறது, தணிந்து கொடுப்பது கடந்து செல்கிறது! மீண்டும் தார்ச்சாலை ஏறுமுன் காற்றை நிரப்பிவிடல் வேண்டும். இன்றேல் டயர் சூடேறி வெடிக்கும்.

இதனை நாம் தேவைக்கான மாற்றம் என்கிறோம். ளரூரத் எனப்படும் நிர்ப்பந்தம் ஒன்றை அனுமதிக்குமாயின், அதன் அளவுக்கு மட்டுமே அனுமதிக்கும் என்பது நம் ஃபிக்ஹுக் கலையின் புகழ்பெற்ற விதி. தேவை தீர்ந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும் இம்மாற்றம் அந்த விதிக்கு முற்றிலும் பொருந்துகிறது.

ஆனால் மனிதனின் ஆசை அவ்வளவில் நிற்பதில்லை. ஸ்பிரிங் பட்டைகளை உயர்த்தி வண்டியை ஆள் உயரத்திற்குத் தூக்குகிறான். கம்பெனி குறித்ததினும் பெரிய டயர்களை மாட்டுகிறான். பின்புறத்தை வெட்டி இருக்கைகளைப் பற்றவைக்கிறான். பாரத்தின் நடுவம் மேலே ஏறிவிட்ட வண்டி வளைவில் எளிதில் கவிழும். பெரிய டயரைப் பிடித்து நிறுத்தப் பழைய பிரேக்கிற்கு வலிமை போதாது. வேகங்காட்டும் முள்ளோ உண்மை வேகத்தைக் குறைத்தே காட்டும். “என் வண்டி, என் பணம், என் விருப்பம், உமக்கென்ன?” என்று அவன் கேட்கிறான்.

இக்கேள்விக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறிய கப்பல் உவமையிலேயே விடை இருக்கிறது. கப்பலின் கீழ்த்தளத்தில் இடம் பெற்றோர், தண்ணீருக்காக அடிக்கடி மேலே சென்று பிறரைத் துன்புறுத்துவானேன் என்றெண்ணி, தங்கள் பங்கிலேயே ஒரு துளையிட்டுக்கொள்ள முனைகின்றனர். மேலிருப்போர் தடுத்தால் அனைவரும் பிழைப்பர். விட்டுவிட்டால் அனைவரும் மூழ்குவர். அவர்களுடைய எண்ணம் தீயதன்று என்பதையும், துளையிட்ட இடம் அவர்களுடைய சொந்தப் பங்கே என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். நல்லெண்ணமும் உடைமையுரிமையும் சேர்ந்தும் அத்துளையை நியாயமாக்கவில்லை. ஏனெனில் கீழே இருக்கும் கடல் அனைவர்க்கும் பொது. சாலையும் அவ்வாறே.

இக்கடற்கரை மக்களுக்கு இது புதிய பாடமன்று. டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் தந்தையார் ஜைனுலாபுதீன் மரப்படகு கட்டி, இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு இந்து யாத்திரிகர்களை ஏற்றிச் சென்றவர். ஏறும் பயணி பலகையின் இணைப்பைச் சோதித்துப் பார்ப்பதில்லை. படகுக்காரரை நம்பியே காலெடுத்து வைக்கிறான். அந்த நம்பிக்கையே அமானிதம். வண்டியின் இருக்கையில் அமரும் குழந்தையும் அதே அமானிதந்தான்.

நாட்டின் சட்டமும் இதனையே வேறு மொழியில் சொல்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் வகுத்த அமைப்பினின்று மாறுபடும் வகையில் வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. எனினும் எரிபொருள் மாற்றத்திற்கும், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப வண்டியைத் தகவமைப்பதற்கும் அச்சட்டம் முறைப்படி வழிவிட்டிருக்கிறது. ஆக, அது மாற்றத்திற்குப் பகையன்று. மறைவான மாற்றத்திற்கே பகை.

மறைவு என்றதும் மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. 2017 ஜூலை 27ஆம் நாள் அரிச்சல்முனை வரை புதிய சாலை திறக்கப்பட்டது. மணல் பயணத்தின் தேவை அற்றது. உப்பு நீரில் உழன்ற வண்டியின் சேஸிஸ் உட்புறமாகவே அரிக்கும். மேலே புதுப் பெயிண்ட் அடித்துவிட்டால் வாங்குவோன் கண்ணுக்குத் துரு தெரியாது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நபிகளார், மழையில் நனைந்ததை மக்கள் பார்க்குமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கண்டித்தார்கள். துருவும் அந்த ஈரமும் ஒன்றே. குறையைச் சொல்லி விற்றால் விலை சற்றுக் குறையும். வருவாயில் பரக்கத் குறையாது.

இன்று சாலை இருந்தும் வேடிக்கைக்காக மணல்மேடுகளில் வண்டி ஓட்ட விழையும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். அக்கரையின் மணலுக்கடியில் கடலாமைகள் முட்டையிடுகின்றன. 1964இல் கடல் கொண்டவர்கள் போக எஞ்சிய சுவர்களும் அங்கே நிற்கின்றன. வாயில்லா உயிரின் கூட்டின் மீதும், மாண்டோர் நினைவின் மீதும் சக்கரம் ஏற்றி அடையும் இன்பம் எத்தகைய இன்பம்?

பழைய வண்டியைப் பழுது பார்த்துப் பயன்படுத்துவது வீண்விரயத்தைத் தவிர்க்கும் நற்செயல். கைத்தொழில் திறன் இறைவனின் அருட்கொடை. ஆயினும் ஸ்பானரைக் கையிலெடுக்குமுன் மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: இது தேவையா? இதனால் பிறருக்குத் தீங்கு உண்டா? இதனை வெளிப்படையாகச் சொல்ல நம்மால் இயலுமா? மூன்றுக்கும் நேர்மையான விடை கிடைத்தால் தயங்காமல் மாற்றுவோம். கிடைக்காவிடில், மாற்ற வேண்டியது வண்டியையன்று.